வானத்தைப் பார்த்து ஒரு கணக்கு

காலையிலிருந்து மாலைவரை ஒரு பாறையில் உட்கார்ந்து, தலைக்கு மேலே போகும் பருந்துகளை எண்ணி நோட்டில் குறிக்கிற ஆளைப் பார்த்தால் வேலைவெட்டி இல்லாதவர் என்றுதான் தோன்றும். அவர் விஞ்ஞானி அல்ல. ஓய்வுபெற்ற வாத்தியாராக இருக்கலாம், லீவில் வந்த கல்லூரி மாணவியாக இருக்கலாம். சம்பளம் கிடையாது. இந்தக் கணக்கு எதற்கு என்று கேட்டால் அவரிடமே சரியான பதில் இருக்காது. பதில் வர சில சமயம் இருபது வருஷம் ஆகிவிடுகிறது.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருக்கிறது ஹாக் மவுண்டன். குளிருக்கு முன் தெற்கே போகும் வேட்டைப் பறவைகளுக்கு அந்த மலைத்தொடர்தான் ராஜபாட்டை. சரிவில் மோதும் காற்று மேலே எழும்ப, பறவைகள் சிறகை அசைக்காமலே அதில் மிதந்து போகும். உச்சியில் நிற்பவருக்குப் பக்கத்திலேயே பறப்பதால் சுடுவது சுலபம். 1930களின் தொடக்கத்தில் துப்பாக்கியோடு கூட்டமே கூடியது. கோழி திருடும் பறவை போனால் யாருக்கு நஷ்டம்? ஒருவகை வல்லூறைக் கொன்றால் அரசே 5 டாலர் சன்மானம் கொடுத்த காலம் அது.

1934ல் ரோசலி எட்ஜ் என்ற நியூயார்க் பெண்மணி மலையைக் குத்தகைக்கு எடுத்து, மாரிஸ் ப்ரவுனையும் அவர் மனைவி இர்மாவையும் காவலுக்கு வைத்தார். வேட்டைக்காரர்களை வாசலிலேயே மடக்கித் திருப்பி அனுப்பியவர் இர்மா. ப்ரவுன் உச்சியில் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தார். போர் காரணமாக 1943 முதல் 1945 வரை நின்றதைத் தவிர, அந்தக் கணக்கு இன்றும் நடக்கிறது. ஆகஸ்ட் 15ல் தொடங்கி டிசம்பர் 15 வரை. பெரும்பகுதி தன்னார்வலர்கள் தயவில்.

ப்ரவுன் ஒரு காரியம் செய்தார். வெண்தலைக் கழுகுக்குத் தலை வெளுக்க நாலைந்து வருஷம் ஆகும். அதுவரை உடம்பெல்லாம் பழுப்பு. வெள்ளைத் தலையைத் தனியாக, பழுப்பைத் தனியாகக் குறித்துவைத்தார். அப்போது அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

1960ல் ரேச்சல் கார்சன் அந்தக் கணக்கைக் கேட்டு எழுதினார். பூச்சிமருந்துகள் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்த நேரம். 1935-39ல் கடந்துபோன கழுகுகளில் 40 சதவீதம் இளசுகள். 1955-59ல் அது 20 சதவீதம். 1957ல் 32 பெரிய கழுகுகளுக்கு ஒரே ஒரு இளங்கழுகு! கழுகு நீண்ட ஆயுள் கொண்டது. அதனால் வானத்தில் கழுகு தென்பட்டுக்கொண்டுதான் இருந்தது, வாரிசு வரவில்லை. மீன் வழியாக உடம்பில் சேர்ந்த டி.டி.டி. முட்டை ஓட்டை மெலியவைத்தது என்பது பிறகு நிரூபணமாயிற்று. 1962ல் ‘மௌன வசந்தம்’ வெளிவந்தது. 1972ல் அமெரிக்கா டி.டி.டி.யைத் தடை செய்தது. அழிவு அபாயப் பட்டியலிலிருந்து வெண்தலைக் கழுகு வெளியே வர 2007 ஆயிற்று.

இந்தக் கணக்குகளைக் கேலி செய்பவர்களும் உண்டு. காற்று திசை மாறினால் பறவை வேறு வழியில் போய்விடும், நாலு பேர் பார்த்தால் எண்ணிக்கை கூடும் என்பார்கள். உண்மைதான். ஒரு வருஷக் கணக்கை வைத்துக்கொண்டு எதையும் சாதிக்க முடியாது. அதனால்தான் ஒன்றுமே பறக்காத மழை நாளிலும் நேரத்தைப் போட்டு, எதிரே பூஜ்யம் என்று எழுதவேண்டியிருக்கிறது. சுவாரஸ்யமான நாளை மட்டும் எழுதுகிறவர் நோட்டு பின்னால் வருகிறவருக்கு உதவாது.

பழைய கணக்கின் அருமை இந்தியாவுக்கும் தெரியும். பரத்பூர் சரணாலயத்தில் 1987-88ல் எண்ணிய பிணந்தின்னிக் கழுகுக் கூடுகள் 353. எண்ணியவர்கள் ஆய்வாளர்கள், அழிவு எதையும் எதிர்பார்த்து எண்ணவில்லை. அந்த எண் கையில் இருந்ததால்தான் 1996ல் 150 கூடுகளே இருந்தபோது விபரீதம் புரிந்தது. மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபினாக் மருந்துதான் எமன் என்று 2004ல் தெரிந்தது. 2006ல் கால்நடைகளுக்கு அது தடை செய்யப்பட்டது.

இலையுதிர்காலத்தில் இமயமலை அடிவாரத்தை ஒட்டிப் பறந்துபோகிறது ஸ்டெப்பி கழுகு. 2015ல் அதுவும் அபாயப் பட்டியலில் ஏறிவிட்டது. ஐம்பது வருஷத்துக்கு முன் அந்த வழியில் எத்தனை போயின என்று சொல்ல, அந்த மலைகளில் ஒரு ப்ரவுன் உட்கார்ந்திருக்கவில்லை.