ஐந்தாம் வகுப்பில் பிள்ளை எதைக் கற்கிறது?

ஜூன் மாதம் பிறந்து பள்ளிகள் திறந்துவிட்டால் பங்கு இல்லத்திற்கு வரும் பெற்றோரின் எண்ணிக்கை கூடிவிடும். திருமுழுக்குச் சான்றிதழ் வேண்டி வருவோர் சிலர். எந்தப் பள்ளியில் சேர்க்கலாம் என ஆலோசனை கேட்க வருவோர் சிலர். பிள்ளை எந்த வகுப்பு என்று கேட்டால் உடனே விடை கிடைக்கும். எத்தனை மதிப்பெண் என்றாலும் தயங்காமல் சொல்வர். ஆனால், "சென்ற ஆண்டு பிள்ளை என்ன கற்றுக்கொண்டது?" என்று கேட்டால் தாயும் தந்தையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கின்றனர். சீருடை, புத்தகப்பை, மிதிவண்டி, தனிப்பயிற்சிக் கட்டணம் ஆகிய அனைத்தையும் வருந்தி உழைத்துத் தேடித் தரும் நாம், அப்பைக்குள் இருக்கும் புத்தகத்தை மட்டும் திறந்து பார்ப்பதில்லை.

எல்லா வகுப்புகளைப் பற்றியும் இங்கு எழுத இடமில்லை. ஐந்தாம் வகுப்பை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் தொடக்கக் கல்வி ஐந்தாம் வகுப்போடு நிறைவு பெறுகிறது. பல ஊர்களில் பள்ளியும் அந்த வகுப்போடு முடிந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு பத்து வயதுப் பிள்ளை வேறு பள்ளிக்கு, ஒருவேளை வேறு ஊருக்குச் செல்லும். இதுவரை தாயைப்போல் எல்லாப் பாடங்களையும் நடத்திய ஓர் ஆசிரியை இருந்தார். இனிப் பாடத்திற்கு ஓர் ஆசிரியர் வருவார். சிறு வகுப்புகளில் பிள்ளை வாசிக்கக் கற்கிறது; ஐந்தாம் வகுப்பிலோ வாசித்துக் கற்கத் தொடங்குகிறது. அந்தப் படியில் கால் தடுக்கினால் பின்வரும் படிகள் அனைத்திலும் தடுமாற்றந்தான்.

தமிழ்ப் பாடத்தை முதலில் நோக்குவோம். பத்து வயதில் பிள்ளை ஒரு பத்தியைப் பிழையின்றி வாசித்து, அதன் பொருளைத் தன் சொல்லில் கூற வேண்டும். அகராதியில் ஒரு சொல்லைத் தேடி எடுக்கப் பழக வேண்டும். கடிதம் எழுத வேண்டும். இவ்விடத்தில் நம் திருச்சபை தமிழ்ப் பிள்ளைகளுக்கு அளித்த கொடையொன்றை நினைவுகூர்வது தகும். ஓலைச்சுவடிகளில் எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் வடிவில் வேறுபாடின்றிக் குழப்பம் தந்த காலம் இருந்தது. "எரி" என்பதா, "ஏரி" என்பதா என்பதைப் படிப்பவர் இடம்நோக்கி ஊகித்துக்கொள்ள வேண்டும். அக்குழப்பம் நீங்க எழுத்து வடிவங்களைத் திருத்தியவர் என இயேசு சபைக் குருவாகிய வீரமாமுனிவரைத் தமிழுலகம் போற்றுகிறது. சொற்களைத் தேடி எடுப்பதற்கென 1732-ஆம் ஆண்டில் சதுரகராதியைத் தந்தவரும் அவரே. இத்தாலி நாட்டிலிருந்து வந்த ஒரு துறவி, நம் பிள்ளைகள் நெருப்பையும் நீரையும் குழப்பிக்கொள்ளாமல் வாசிக்க வேண்டுமென்று அத்தனை பாடுபட்டார். பெற்ற நாம் எத்தனை பாடுபடுகிறோம்?

அடுத்து கணக்கு. ஐந்தாம் வகுப்பில் பிள்ளையை மிகவும் மலைக்கவைப்பது பின்னம். நான்கில் ஒன்று பெரிதா, எட்டில் ஒன்று பெரிதா என்று கேட்டுப் பாருங்கள். எட்டில் ஒன்று என்று பல பிள்ளைகள் சொல்லும். எட்டு நான்கைவிடப் பெரிதல்லவா! நூறு முறை எழுதச் சொன்னாலும் இப்பிழை தீராது. ஒரு தோசையை நான்காகவும் மற்றொன்றை எட்டாகவும் பிரித்துத் தட்டில் வைத்தால் நொடியில் தீர்ந்துவிடும். நம் பாட்டன்மார் இதனை மொழியிலேயே பொதிந்து வைத்திருந்தனர். காலில் அரை அரைக்கால்; அதாவது எட்டில் ஒன்று. அரைக்காலில் பாதி மாகாணி. அதாவது பதினாறில் ஒன்று. சொல்லிலேயே விடை இருக்கிறது. வீட்டில் முதியவர் இருந்தால் இச்சொற்களைப் பேரப்பிள்ளைக்குச் சொல்லித் தரட்டும்.

சுற்றளவும் பரப்பளவும் அத்தகையவையே. நாற்பது அடிக் கயிற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கொண்டு பத்தடி நீளமும் பத்தடி அகலமும் உடைய இடத்தை வளைத்தால் உள்ளே நூறு சதுர அடி கிடைக்கும். அதே கயிற்றால் பதினெட்டடி நீளமும் இரண்டடி அகலமுமாக வளைத்தால் முப்பத்தாறு சதுர அடிதான். வேலி ஒன்றே, நிலமோ மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே மிகுதி. இதனை முற்றத்தில் கயிறு கட்டிப் பார்த்த பிள்ளை, பின்னாளில் மனை வாங்கும்போது எவர் சொல்லுக்கும் ஏமாறாது. கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று ஆண்டவரே போதித்தார். கணக்கு உலகக் காரியம், பக்தி ஆன்மக் காரியம் என்று பிரிப்பது நற்செய்திக்கு ஒவ்வாது.

அறிவியலில் மனித உடல், உணவு, காற்று, நீர், பொருள்களின் தன்மை ஆகியவை வருகின்றன. இதயம் மார்புக்குள் இருக்கிறது என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். தன் மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடத்திற்கு எத்தனை துடிப்பு என எண்ணி, தெருமுனை வரை ஓடி வந்து மீண்டும் எண்ணி, இரண்டையும் எழுதி வைத்து, "ஏன் கூடியது?" என்று கேட்டால், பிள்ளைக்கு அறிவே கிடைக்கிறது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு தேங்கிய நன்னீரில் முட்டையிடுகிறது, பகலில் கடிக்கிறது என்று கற்ற பிள்ளை, வீட்டின் பின்புறம் கிடக்கும் பழைய டயரிலும் சிரட்டையிலும் நின்ற நீரைக் கவிழ்த்துவிட்டால், அப்பாடம் அயலானுக்குச் செய்த அன்புப் பணியாகவும் ஆகிவிடுகிறது.

சமூக அறிவியல் என்றால் ஆண்டுகளின் பட்டியல் என்று எண்ணுவோர் உளர். வரைபடத்தில் தன் மாவட்டத்தைக் காணுதல், திசை அறிதல், நாட்டின் நிருவாகத்தைத் தெரிந்துகொள்ளுதல் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். 73-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து கிராம சபை சட்டத்தின் வலிமை பெற்றுள்ளது. நம் மாநிலத்தில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலிய நாள்களில் அது கூடுகிறது. தந்தை தம் மகளை ஒருமுறையேனும் உடன் அழைத்துச் சென்று, தெருவிளக்கும் குடிநீரும் எவ்வாறு பேசித் தீர்மானிக்கப்படுகின்றன என்று காட்டினால், புத்தகத்தின் பத்துப் பக்கங்கள் அவளுக்கு ஒரே நாளில் விளங்கும்.

ஆங்கிலத்தைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. பெற்றோர் அனைவரும் அதைப் பற்றியே கவலைப்படுகின்றனர். ஒன்றை மட்டும் நினைவூட்டுவோம். பொருள் அறியாமல் வேகமாக ஒலிப்பது ஆங்கிலம் அறிந்ததாகாது. ஒரு செய்தியைத் தன் தாய்மொழியில் விளங்கிக் கூறத் தெரிந்த பிள்ளைக்கு, வேற்றுமொழிச் சொற்கள் நாளடைவில் வந்து சேரும்.

பாடங்கள் ஐந்தாயினும் அவற்றினூடே ஓடும் இழை ஒன்றே. வாசித்ததை விளங்கிக்கொள், விளங்கியதைப் பொருளோடு ஒப்பிட்டுப் பார், கண்டதைக் கண்டவாறு சொல், விளங்காததைக் கேள். இந்த நான்கையும் பத்து வயதில் பழகிய பிள்ளை எந்தப் பள்ளிக்குச் சென்றாலும் பிழைத்துக்கொள்ளும்.

சில ஆண்டுகளுக்கு முன் இல்லச் சந்திப்பின்போது ஒரு கொத்தனாரின் வீட்டுக்குச் சென்றிருந்தோம். ஐந்தாம் வகுப்பில் பயிலும் மகளின் ஏடுகளைத் தாய் பெருமையோடு எடுத்துக் காட்டினார். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ஒரு பிழையும் இல்லை. பாடமொன்றை வாசி என்றோம், தங்குதடையின்றி வாசித்தாள். நம் கையிலிருந்த மாத இதழைக் கொடுத்துச் சிறுவர் பக்கத்தில் நான்கு வரி வாசிக்கச் சொன்னோம். அவள் முதற்சொல்லிலேயே நின்றுவிட்டாள். கண்களில் நீர் திரண்டது. அவள் வாசித்தது மனப்பாடம். எழுதியது படம் பார்த்து வரைந்ததைப் போன்றது. எழுத்துகளைச் சேர்க்க அவளுக்கு வரவில்லை. "சாமி, இத்தனை நோட்டு எழுதியிருக்காளே!" என்றார் தாய். அதற்குமேல் அவரால் பேச இயலவில்லை.

பாட்டி அதுவரை மூலையில் அமர்ந்திருந்தவர். எழுத்தறியாதவர். "நாளையிலேருந்து எனக்கு வாசிச்சுக் காட்டட்டும் சாமி, நான் கேக்குறேன்" என்றார். அவ்வாறே செய்தனர். நாள்தோறும் செபமாலைக்குப் பின், நாட்காட்டியில் கிழித்த தாளையோ கடைக்காரர் பொட்டலம் கட்டித் தந்த செய்தித்தாளையோ சிறுமி எழுத்துக்கூட்டி வாசிப்பாள். பாட்டி, "அப்புறம்? ஏன் அப்படி?" என்று கேட்பார். பள்ளி ஆசிரியையும் விவரமறிந்து மதிய வேளையில் அவளைத் தனியே அமர்த்திப் பயிற்சி அளித்தார். கிறிஸ்து பிறப்பு விழாவின்போது அவள் குடிலுக்கு முன் நின்று ஆறு வரி வாசித்தாள். நீண்ட சொற்களில் இடறினாள்; ஆனால் வாசித்தாள். எழுதப் படிக்கத் தெரியாத அப்பாட்டி அந்த வீட்டில் செய்ததைப் பட்டம் பெற்ற பெற்றோர் பலர் செய்வதில்லை.

இத்தகைய பிள்ளை எவர் கண்ணிலும் படாமல் மேல்வகுப்புக்குச் சென்றுவிட இயலும் என்பதை நாம் மறக்கலாகாது. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை எவரையும் அதே வகுப்பில் நிறுத்திவைப்பதில்லை. ஐந்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு என்று 2019-இல் அறிவிக்கப்பட்டதும், அது நடைபெறும் முன்னரே 2020 பிப்ரவரியில் கைவிடப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கலாம். பத்து வயதுப் பிள்ளையைத் தோல்வியுற்றவன் என்று முத்திரை குத்தாதது நன்றே. ஆனால் தேர்ச்சி என்னும் சொல்லைக் கண்டு வீட்டார் உறங்கிவிடுதல் நன்றன்று. பள்ளி பிள்ளையை நிறுத்தாத இடத்தில், வீடு சற்று நின்று பார்க்க வேண்டும். 2002-ஆம் ஆண்டின் 86-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கல்வியை உரிமையாக்கியது. அதே திருத்தம் அவ்வாய்ப்பை அளிப்பதைப் பெற்றோரின் கடமையாகவும் சேர்த்து வைத்தது. திருச்சபையோ 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில், பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான கல்வியாளர் என்று முன்னரே எடுத்துரைத்துவிட்டது.

மறைக்கல்வி வகுப்பிலும் இதே நோயைக் காண்கிறோம். பத்துக் கட்டளைகளை ஒரே மூச்சில் ஒப்பிக்கும் பிள்ளையிடம், "பொய்ச்சாட்சி சொல்லாதே என்றால் உன் வகுப்பறையில் என்ன செய்யக்கூடாது?" என்று கேட்டால் மௌனந்தான் விடை. ஒருநாள் சட்ட அறிஞர் ஒருவர் ஆண்டவரைச் சோதிக்க வந்தார். திருச்சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது, அதை நீர் எவ்வாறு வாசிக்கிறீர் என்று ஆண்டவர் அவரைக் கேட்டார். அவர் பிழையின்றி ஒப்பித்தார். முழு மதிப்பெண் பெறத்தக்க விடை. ஆயினும் தமக்கு அடுத்திருப்பவர் யார் என்பது அவருக்கு விளங்கவில்லை. ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. எரிகோவுக்குச் செல்லும் சாலையில் அடிபட்டுக் கிடந்த ஒருவனின் கதையைச் சொல்லி, மூவருள் யார் அவனுக்கு அயலான் என்று திருப்பிக் கேட்டார். விடையை அவர் வாயாலேயே வரவழைத்தார். ஒப்பித்தலிலிருந்து விளங்குதலுக்கு ஒருவரை அழைத்துச் செல்லும் வழி அதுவே.

அன்புப் பெற்றோரே, இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. நாளொன்றுக்கு இருபது நிமிடம் போதும். அந்த நேரம் தொலைக்காட்சியும் கைப்பேசியும் ஓய்வெடுக்கட்டும். பிள்ளை முன்பின் பாராத ஒரு பக்கத்தை வாசிக்கட்டும். உங்களுக்குப் படிப்பு இல்லையே என்று நாணாதீர்கள், கேட்கச் செவியும் "ஏன்?" என்று வினவ வாயும் இருந்தால் போதும். இடறினால் அடிக்க வேண்டாம், அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடவும் வேண்டாம். தொடர்ந்து இடறினால் மறுநாளே ஆசிரியரைச் சென்று காணுங்கள். ஆறாம் வகுப்புவரை காத்திராதீர்கள். இன்றிரவு உணவுக்கு அமரும்போது, "எத்தனை மதிப்பெண்?" என்ற வினாவைச் சற்று ஒதுக்கிவைத்து, "இன்று எது உனக்கு விளங்கியது? எது விளங்கவில்லை?" என்று கேளுங்கள். பிள்ளை விடை சொல்லி முடிக்கும்வரை தட்டைவிட்டு எழாதீர்கள்.