லேபிளில் பூஜ்யம்!

சனிக்கிழமை எங்கள் வீட்டில் பேண்ட், சட்டை துவைக்கும் நாள். மெஷினில் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு பையாகத் துழாவிப் பார்ப்பது என் வழக்கம். பஸ் டிக்கெட், சில்லறை, மிட்டாய்க் காகிதம் என்று ஏதாவது அகப்படும். போன ஆடி மாதம் அப்படித்தான் என் பையனின் பேண்ட் பையில் கையை விட்டேன். பேனா மாதிரி ஒன்று வந்தது. நிப் இல்லை, ரீஃபிலும் இல்லை. ஒரு முனையில் விசில் போல வாய் வைக்கும் இடம். முகர்ந்து பார்த்தேன். மாம்பழ எஸ்ஸென்ஸ் வாசனை கமகமவென்று அடித்தது.

பையன் காலேஜில் இரண்டாம் வருஷம். கூப்பிட்டு, "என்னடா இது?" என்றேன். முகம் வெளுத்துப் போயிற்று. பிறகு சமாளித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லம்மா. இது பேரு வேப். சிகரெட் இல்ல. வெறும் ஃப்ளேவர்தான், நிக்கோடினே கிடையாது. நீயே பாரு, அதுலயே போட்டிருக்கு" என்று உள்ளேயிருந்த குப்பியைக் கழற்றிக் காட்டினான். கட்டைவிரல் நீளம்கூட இல்லை. கார்ட்ரிட்ஜ் என்று பெயராம்; தீர்ந்து போனால் அதை மட்டும் மாற்ற வேண்டுமாம். அதன் மேல் பொடி எழுத்தில், நிக்கோடின் 0 சதவீதம் என்று இருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. பீடியை விட முடியாமல் என் அப்பா பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தவள் நான். 'நல்லவேளை, அந்தச் சனியன் இதில் இல்லை' என்று நினைத்தேன். இருந்தாலும் பையனிடம் கொடுக்க மனசு வரவில்லை. வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

அடுத்த மூன்று நாளும் வீடு வீடாக இல்லை. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தான். தலைவலி என்றான். ராத்திரி ஒரு மணிக்கு மொட்டை மாடியில் நடந்துகொண்டிருந்தான். கேட்டால், "பரீட்சை டென்ஷன்மா" என்றான். நானும் நம்பி, தலைக்குத் தைலம் தேய்த்துவிட்டேன்.

நாலாம் நாள் என் அக்கா மகள் வந்தாள். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு ஒரு மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். பீரோவைத் திறந்து காட்டினேன். "இதுல நிக்கோடின் இல்லைன்னு போட்டிருக்கு. நிஜமாடி?"

அவள் சிரிக்கவில்லை. "சித்தி, போட்டிருக்கிறது அச்சடிச்சவன் வார்த்தை. உள்ளே என்ன இருக்குன்னு டெஸ்ட் பண்ணினாத்தான் தெரியும்" என்றாள்.

"அப்போ உங்க லேப்ல வச்சுப் பார்த்துச் சொல்லேன்."

"எங்க லேப்ல கம்பெனி சாமான் தவிர வேற எதையும் தொடக்கூடாது சித்தி. ஆனா எப்படிப் பார்ப்பாங்கன்னு சொல்றேன்."

காபி கலந்து கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டில் எழுதுகிறேன்.

இந்தக் குப்பிகளில் இருக்கும் திரவத்தில் பெரும்பங்கு புரொபிலீன் கிளைகாலும் கிளிசரினும்தான். அதோடு வாசனைச் சரக்கு. நிக்கோடின் இருந்தால் அதுவும் கலந்திருக்கும். கண்ணுக்கும் மூக்குக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் அந்தத் திரவத்தில் கொஞ்சம் எடுத்து, துல்லியமாக எடை போட்டு, வேறொரு கரைப்பானில் கலக்குகிறார்கள். அதிலிருந்து ஒரு துளிக்கும் குறைவாக ஊசியில் எடுத்து, கேஸ் குரோமட்டோகிராஃப் என்ற கருவிக்குள் செலுத்துகிறார்கள். உள்ளே இருக்கும் சூட்டில் அது ஆவியாகிவிடும். ஹீலியம் போன்ற ஒரு வாயு அந்த ஆவியைத் தள்ளிக்கொண்டு, முடியைப் போல மெல்லிய, பல மீட்டர் நீளமுள்ள சுருள் குழாய் வழியாகப் போகும்.

"கோயில் க்யூ மாதிரி சித்தி. எல்லாரும் ஒண்ணாத்தான் உள்ளே நுழையறாங்க. ஆனா ஒவ்வொரு தூணிலயும் நின்னு கும்பிடறவங்க லேட்டா வருவாங்க, நேரா நடக்கறவங்க முதல்ல வந்துடுவாங்க. அந்தக் குழாயோட உள்சுவர்ல ஒரு பூச்சு இருக்கு. அதுல ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு மாதிரி ஒட்டி ஒட்டி வரும். நிக்கோடின் வெளியே வர்ற நேரம்னு ஒண்ணு உண்டு. அந்த நேரத்துக்கு காகிதத்துல கோபுரம் மாதிரி ஒரு கோடு எழும்பும்."

கோபுரம் எழும்பினால் மட்டும் போதாதாம். அளவு தெரிய வேண்டுமே! அதற்காக, சுத்தமான நிக்கோடினை அளந்து கலந்து முன்கூட்டியே ஓட்டிப் பார்த்து, இவ்வளவு போட்டால் இவ்வளவு பெரிய கோபுரம் என்று கணக்கு வைத்துக்கொள்வார்கள். முத்திரை குத்திய படிக்கல்லோடு சாமானை நிறுப்பது போலத்தான். நிக்கோடினே இல்லாத வெறும் கரைப்பானையும் ஒரு தடவை ஓட்டி, கருவி பொய் சொல்லவில்லை என்று உறுதி செய்துகொள்வார்களாம்.

குப்பியில் இருப்பது ஒரு கணக்கு, இழுக்கும்போது வாய்க்கு வருவது இன்னொரு கணக்கு. இரண்டாவதற்குப் புகைக்கும் இயந்திரமே இருக்கிறது. மூன்று விநாடிக்கு 55 மில்லி வீதம், அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை இழுப்பது பொதுவாக வைத்திருக்கும் முறை. வருகிற ஆவியை ஒரு வடிகட்டியில் பிடித்து, மேலே சொன்னபடி அளக்கிறார்கள்.

"இப்படி யாராவது பார்த்திருக்காங்களா?" என்றேன்.

பார்த்திருக்கிறார்கள். 2003-ல் சீனாவில் ஹான் லிக் என்ற மருந்தாளர் உருவாக்கிய இந்த மின் சிகரெட், சில வருஷத்திலேயே அமெரிக்காவுக்குப் போய்விட்டது. 2009-ம் வருஷம் அந்த நாட்டு உணவு மருந்து நிர்வாகம், இரண்டு கம்பெனிகளின் கார்ட்ரிட்ஜ்களை வாங்கித் தன் பரிசோதனைக் கூடத்தில் சோதித்தது. முடிவை ஜூலை மாதம் வெளியிட்டார்கள். நிக்கோடின் இல்லை என்று லேபிள் ஒட்டியிருந்தவற்றில், ஒன்றே ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் நிக்கோடின் இருந்தது! கொஞ்சம்தான், ஆனால் இருந்தது. இன்னொரு வேடிக்கை. ஒரே லேபிள் ஒட்டிய மூன்று கார்ட்ரிட்ஜ்களைச் சோதித்தபோது, 100 மில்லி இழுப்புக்கு 26.8 மைக்ரோகிராமிலிருந்து 43.2 மைக்ரோகிராம் வரை நிக்கோடின் வந்தது. ஒரே கடையில் வாங்கிய ஒரு கிலோ பொட்டலங்களில் ஒன்று முக்கால் கிலோவும் இன்னொன்று ஒன்றேகால் கிலோவும் இருந்தால் சும்மா விடுவோமா?

ஒரு கார்ட்ரிட்ஜில் டைஎதிலீன் கிளைகாலும் சுமார் ஒரு சதவீதம் இருந்ததாம். இந்தப் பெயரைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 2025-ல் இருமல் மருந்து குடித்து மத்தியப் பிரதேசத்தில் பச்சைக் குழந்தைகள் செத்தார்களே, அந்த விஷம் இதுதான். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அந்த மருந்தை நம் மாநில அரசின் கூடத்தில் சோதித்தபோது 48.6 சதவீதம் இருந்தது. அந்தப் பாட்டிலிலும் லேபிள் ஒட்டித்தானே விற்றார்கள்?

"சரி, இதுல எவ்வளவு இருக்கும்?" என்று பேனாவைக் காட்டினேன்.

"சோதிக்காம சொன்னா அதுவும் லேபிள் மாதிரிதான் சித்தி. இல்லாமலும் இருக்கலாம், நிறையவும் இருக்கலாம். ஐரோப்பிய நாடுகள்ல ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல கூடாதுன்னு சட்டம் இருக்கு, கார்ட்ரிட்ஜும் 2 மில்லிக்கு மேல இருக்கக்கூடாது. நம்ம நாட்டுல 2019-லயே இதைத் தயாரிக்க, இறக்குமதி பண்ண, விற்க, விளம்பரம் பண்ண எல்லாத்துக்கும் தடை. முதல் தடவை பிடிபட்டாலே ஒரு வருஷம் வரை ஜெயில், இல்லேன்னா லட்ச ரூபாய் வரை அபராதம், ரெண்டும் சேர்ந்தும் விழலாம். அப்படியும் ஒளிச்சு விற்கிறான்னா, அவன் ஒட்டின லேபிளை யார் சோதிச்சிருப்பாங்க?"

பிறகு அவளே கேட்டாள்: "இதைப் பூட்டி வச்ச பிறகு தம்பி எப்படி இருக்கான்?"

எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை எல்லாவற்றையும் சொன்னேன். "நிக்கோடின் பழகினவங்க நிறுத்தினா முதல் சில நாள் இப்படித்தான் இருக்கும். நிச்சயமா அதுதான்னு சொல்ல முடியாது. ஆனா அவன்கிட்ட நிதானமா கேளுங்க" என்றாள்.

அன்று ராத்திரி, சாப்பிட்டு முடித்த பிறகு பக்கத்தில் உட்கார்ந்தேன். திட்டவில்லை. அமெரிக்காவில் சோதித்த கதையை மட்டும் சொன்னேன். வெகுநேரம் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். "நானும் அதுல ஒண்ணும் இல்லைன்னுதான்மா நினைச்சேன். ஆனா அது இல்லாம என்னால இருக்க முடியல" என்றான். குரல் உடைந்துவிட்டது. எனக்கும்தான். குழந்தை என்னிடம் பொய் சொன்னான் என்று மூன்று நாள் குமைந்தேனே, அவனையே ஒருவன் ஏமாற்றியிருக்கலாம் என்று தோன்றவே இல்லையே!

மறுநாள் டாக்டரிடம் அழைத்துப் போனோம். புகையிலையை விட நினைப்பவர்களுக்காக மத்திய அரசு வைத்திருக்கும் 1800-11-2356 என்ற எண்ணுக்கும் பேசினான்; அதற்குக் கட்டணம் இல்லை. நடுவில் ஒரு தடவை சறுக்கினான். அதை அவனாகவே வந்து சொன்னான். இப்போது சில மாதங்களாக நன்றாக இருக்கிறான்.

சிறு குழந்தைகள் உள்ள சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. இந்தத் திரவம் பழ வாசனை அடிக்கும், சாயம் கண்ணைப் பறிக்கும். தவழும் குழந்தை வாயில் வைத்தால் உயிருக்கே ஆபத்து. தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். 2014-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஒரு வயதுக் குழந்தை ஒன்று இதைக் குடித்து இறந்தது. அதற்குப் பிறகு, குழந்தைகள் திறக்க முடியாத மூடி வேண்டும் என்று 2016-ல் அங்கே சட்டம் வந்தது. திருட்டுத்தனமாக வரும் குப்பியில் அதையெல்லாம் எதிர்பார்க்க முடியுமா? வீட்டுக்கு வரும் விருந்தாளியின் பை, மச்சினரின் சட்டைப் பை எதையும் குழந்தை கைக்கு எட்டவிடாதீர்கள். தோலில் பட்டால் உடனே தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவுங்கள். வாயில் போய்விட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், அந்தக் குப்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பால்காரர் 'சுத்தமான பால்' என்றால் நாம் விரலில் தொட்டுப் பார்க்கிறோம், காய்ச்சிப் பார்க்கிறோம். இந்தக் குப்பியை நம்மால் அப்படிப் பார்க்க முடியாது. ஆகவே, 'இதில் ஒன்றுமில்லை' என்று பிள்ளை சொன்னால் அவனைக் கோபிக்காதீர்கள். 'ஒன்றுமில்லை என்று சோதித்துப் பார்த்தது யார்?' என்று மட்டும் கேளுங்கள். என் வீட்டில் அந்தக் கேள்விதான் பலித்தது.