ரத்தம் சுத்தமான பிறகும் ஊசி எதற்கு?

திருவண்ணாமலையில் பூ விற்பவர்களுக்குப் பௌர்ணமிதான் பெரிய நாள். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் விடிய விடியக் கூட்டம் நடக்கும். மற்ற நாட்களில் வாடிப்போகிற பூகூட அன்று விலைபோகும். தேரடி வீதியில் பூக்கட்டும் ஒரு தாய்க்கு, சரியாக அந்த நாளில்தான் மகனை வேலூருக்கு அழைத்துப் போகவேண்டிய தேதி வந்தது.

பையனுக்கு ஏழு வயது. விடாத காய்ச்சல், வெளுத்துப்போன முகம், காலில் நீலம் நீலமாகத் தழும்பு. பரிசோதித்ததில் ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. குழந்தைகளுக்கு அதிகம் வருகிற அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கீமியா. முதல் மாத சிகிச்சை முடிந்ததும் எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்த்த டாக்டர், "இப்போ புற்று செல் கண்ணுக்குத் தெரியல" என்றார். வீடே நிம்மதியாக மூச்சுவிட்டது. ஆனால், முதுகுத்தண்டில் போடும் ஊசி மட்டும் நிற்கவில்லை. ஊசி என்றாலே பையன் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு அழுவான்.

"அதான் சரியாயிடுச்சே, இன்னும் எதுக்குப் புள்ளைய வதைக்கிற?" என்றார்கள் அக்கம்பக்கத்தில். அவருக்கும் அந்தக் கேள்வி இருந்தது. போன தடவை போனபோது டாக்டரிடமே கேட்டுவிட்டார்: "ரத்தம்தான் சுத்தமாயிடுச்சே டாக்டரம்மா, அப்புறம் முதுகுல எதுக்கு ஊசி?"

டாக்டர் அவர் தொழிலை வைத்தே பதில் சொன்னார். "உங்க கடைக்குக் கண்ணை மூடிக்கிட்டு வந்தாலும் மல்லி வாசனையை வெச்சே கண்டுபிடிச்சிடலாம் இல்லையாம்மா? கிட்ட வர வர வாசனை கூடும். ரத்த செல்லுக்கும் அப்படித்தான் வழி தெரியுது."

உடலின் ஒவ்வொரு பகுதியும் கீமோகைன் என்ற சிறு புரதங்களைக் கசியவிடுகிறது. அதுதான் வாசனை. வெள்ளை அணுக்களின் மேல்பரப்பில் அதை உணரும் ஏற்பிகள் இருக்கின்றன. அவைதான் மூக்கு. எந்தப் பக்கம் கீமோகைன் அதிகமோ, அந்தப் பக்கம் செல் நகரும். காயம்பட்ட இடத்துக்கு வெள்ளை அணுக்கள் ஓடிவருவதும் இப்படித்தான். நம்மைக் காப்பாற்ற ஏற்பட்ட வழி இது.

சிக்கல் என்னவென்றால், புற்றாக மாறிய வெள்ளை அணுவுக்கும் அதே மூக்கு இருக்கிறது. எலும்பு மஜ்ஜை விடும் வாசனையை சி.எக்ஸ்.சி.ஆர்-4 என்ற ஏற்பியால் உணர்ந்து, அது மஜ்ஜைக்குள் போய் ஒட்டிக்கொள்கிறது. அங்கே அக்கம்பக்கத்து செல்கள் அதற்கு ஊட்டம் கொடுக்கின்றன. மருந்தின் அடியும் அங்கே குறைவாகப் படுகிறது. மைக்ராஸ்கோப்பில் ஒன்றும் தெரியாத நிலையிலும் கோடிக்கணக்கான புற்று செல்கள் இப்படி மிச்சம் இருக்கக்கூடும்.

இன்னொரு ஒளிவிடம் மூளையைச் சுற்றியுள்ள பகுதி. 2009-ல் நியூயார்க் ஆய்வாளர்கள், டி-செல் வகை லுக்கீமியாவை எலிகளில் ஆராய்ந்தார்கள். புற்று செல்லில் சி.சி.ஆர்-7 என்ற ஒரே ஏற்பியை நீக்கியதும் அது மூளைப் பக்கம் போகவில்லை. எலிகளும் கூடுதல் நாள் உயிரோடு இருந்தன. வேறு வகை லுக்கீமியா வேறு வழிகளிலும் அங்கே நுழைகிறது.

ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இயற்கை ஒரு மதில் கட்டியிருக்கிறது. கையில் ஏற்றும் மருந்துகளில் பல அந்த மதிலைத் தாண்டிப் போதுமான அளவு போவதில்லை. அதனால்தான் முதுகுத்தண்டு நீரிலேயே நேராக மருந்து போடுகிறார்கள். 1960-களில், மூளைக்கென்று தனி சிகிச்சை வருவதற்கு முன், ரத்தம் சுத்தமான குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் அங்கிருந்தே திரும்பிவந்தது. இன்று வளர்ந்த நாடுகளில் இந்த நோய் வரும் 10 குழந்தைகளில் ஏறக்குறைய 9 பேர் பிழைக்கிறார்கள் என்றால், அதில் இந்த ஊசிக்கும் பங்கு உண்டு.

அந்த ஊசியில் பெரும்பாலும் இருப்பது மெத்தோட்ரெக்ஸேட். அந்த மருந்து உருவாகக் காரணமானவர்களில் முக்கியமானவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போனவர். 1948-ல் அவர் இறந்தபோது வயது 53.

வாசனையை உணரும் மூக்கையே அடைக்கவும் மருந்து உண்டு. எச்.ஐ.வி-க்காக ஆராயப்பட்ட பிளெரிக்ஸாஃபோர், சி.எக்ஸ்.சி.ஆர்-4 ஏற்பியை அடைத்துவிடும். அதைப் போட்டால் மஜ்ஜையில் ஒட்டியிருக்கும் ஸ்டெம் செல்கள் பிடிவிட்டு ரத்தத்துக்கு வரும். மாற்று சிகிச்சைக்காக அவற்றைச் சேகரிக்க 2008-ல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. ஒளிந்திருக்கும் புற்று செல்களையும் இதேபோல வெளியே இழுத்து அழிக்க முடியுமா என்று ஆராய்ச்சி நடக்கிறது.

இத்தனையும் அந்தத் தாய்க்கு மனதில் நின்றதோ இல்லையோ, ஒன்று புரிந்துவிட்டது: கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் இல்லை என்று அர்த்தம் இல்லை. பௌர்ணமிக் கடையை நாத்தனாரிடம் ஒப்படைத்துவிட்டு, விடியற்காலை பஸ்ஸில் மகனோடு ஏறிவிட்டார்.

இந்த நோய்க்கான சிகிச்சை இரண்டிலிருந்து மூன்று ஆண்டுகள் நீளும். முடி முளைத்து, குழந்தை ஓடியாடும்போது, "இனி போதும்" என்று தோன்றுவது இயல்பு. பஸ் செலவும் போன கூலியும் அந்த எண்ணத்தைப் பெரிதாக்கும். பணம்தான் தடை என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடமும் வெட்கப்படாமல் கேட்கலாம். உங்கள் தெருவில் இப்படி ஒரு குழந்தை இருந்தால், "இன்னுமா ஊசி?" என்று கேட்காதீர்கள். "அடுத்த தேதி எப்போ? அன்னைக்குக் கடையை நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லுங்கள்.