தொண்டை

எங்கள் பாடசாலையில் எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் இடையில் சுவர் இல்லை. ஒரு பலகைத் தட்டி மட்டும்தான். அந்தப் பக்கம் கணிதம் நடந்தால் இந்தப் பக்கம் நான் தமிழைக் கத்த வேண்டும். தகரக் கூரையில் மழை விழுந்தால் இருவருமே கத்துவோம். இருபது வருடம் இப்படிக் கத்தியதில் போன வருடம் என் குரல் போய்விட்டது. குரல்நாண் தடித்திருக்கிறது, ஒரு மாதம் பேசவே கூடாது என்றார் வைத்தியர். ஆசிரிய கலாசாலையில் பாடக்குறிப்பு எழுதப் பழக்கினார்கள், கரும்பலகையில் கோணாமல் எழுதப் பழக்கினார்கள். தொண்டையைப் பற்றி ஒருவரும் வாய் திறந்த ஞாபகம் இல்லை.

வாய்மூடி வீட்டிலிருந்த அந்த நாட்களில்தான் மகனின் அறையிலிருந்து ஓர் அலறல் கேட்டது. "ஆரையும் அறுக்கிறாங்களா?" என்று தாளில் எழுதிக் காட்டினேன். சிரித்தான்.

"இதுக்குப் பேர் ஸ்க்ரீமோ, வாப்பா. இந்த ஆள் மேடையில மைக் இல்லாமத்தான் கத்துவாராம்."

மைக் இல்லாமல்! பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1997இல் சேர்ந்த மூன்று பேர். குழுவின் பெயர் ஜெரோம்ஸ் ட்ரீம். பெரிய நிறுவனங்களின் பக்கம் போகாமல் வீட்டு நிலவறைகளிலும் சின்ன மண்டபங்களிலும் வாசித்துத் திரியும் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். ஜெஃப் ஸ்மித் என்பவர் பேஸ் கிட்டார் வாசித்தபடியே, மேளத்தையும் மின்கிட்டாரையும் வெறும் தொண்டையால் வெல்லப் பார்த்தார். 2000இல் வந்த முதல் ஆல்பம் 'சீயிங் மீன்ஸ் மோர் தேன் சேஃப்டி'. இந்த இசையில் மோகமுள்ளவர்கள் இன்றும் அதைத்தான் கொண்டாடுகிறார்கள். எனக்கு அது பாட்டாகவே படவில்லை, உண்மையைச் சொல்கிறேன். ஆனால் அந்த வலி எந்த இடத்தில் பிடிக்கும் என்பது மட்டும் தெரிந்தது.

தொண்டை எத்தனை நாள் தாங்கும்? 2001இல் 'பிரசன்ட்ஸ்' என்ற அடுத்த ஆல்பம் வந்தபோது அந்த அலறல் இல்லை. ஒரே தட்டையான தொனியில், ஏற்ற இறக்கமின்றி அதட்டும் ஒரு குரல். பழைய குரலைத் தேடி வந்தவர்கள் ஏமாந்து போனார்கள். அந்த வருடமே குழுவும் கலைந்தது. பிறகு திரும்பச் சேர்ந்து 2019இல் இன்னோர் ஆல்பம் வெளியிட்டார்கள் என்றாலும், 'பிரசன்ட்ஸ்' இன்னும் ஒதுக்குப்புறமாகத்தான் கிடக்கிறது.

நான் பாடசாலைக்குத் திரும்பியபோது குரல் பாதிதான் வந்திருந்தது. கடைசி வாங்கில் இருப்பவனுக்குக் கேட்பதில்லை. "சேர் முந்தி மாதிரி இல்ல, முந்தி ரோட்டில போகக்குள்ளயே கேக்கும்" என்று ஒரு தகப்பன் என் முகத்துக்கு நேரே சொன்னார். கெட்ட மனதோடு சொல்லவில்லை.

அன்றிரவு மகனிடம் அந்த இரண்டாவதைப் போடச் சொன்னேன்.

"அது சரியில்ல வாப்பா. எல்லாரும் முதலாவதைத்தான் கேப்பாங்க."

"பரவாயில்ல, அதையே போடு" என்றேன். என் குரல் அவனுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன்.