கேம்பல்டவுன் நோட்டு

நண்பர் இறந்து நாற்பது நாள் கழித்து அவர் மனைவி கூப்பிட்டனுப்பி என்னிடம் ஒரு துணிப்பையைக் கொடுத்தார். நம் பத்திரிகையின் பழைய இதழ்கள், திருப்பித் தர மறந்துபோன என் புத்தகங்கள் இரண்டு, எண்பது பக்க நோட்டு ஒன்று. கவிதைகள் இருக்கும் என்று நினைத்து நோட்டைப் பிரித்தேன். இருந்தது வேறு. ஸ்காட்லாந்தின் மேற்குப் பகுதியில், கிண்டையர் என்ற தீபகற்பத்தில், கேம்பல்டவுன் என்றொரு துறைமுக ஊர். அங்கே ஸ்பிரிங்பேங்க் என்ற சிறிய விஸ்கி வடிசாலை. நோட்டு முழுவதும் அதைப் பற்றித்தான். தேதிகள், வாலைகளின் படங்கள், அம்புக்குறிகள். இதை நம் பத்திரிகைக்குக் கட்டுரையாக எழுதப்போவதாக ஒருமுறை சொல்லியிருந்தார். நான் சிரித்துவிட்டேன். இப்போது நானே எழுத வேண்டியதாகிவிட்டது.

நான் குடிப்பதில்லை. இதில் ஒழுக்கப் பெருமை ஒன்றும் கிடையாது. ருசி பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அவர் குடித்தார். ஆனால் ஸ்பிரிங்பேங்க்கை ஒரு சொட்டுக்கூட நாவில் வைத்ததில்லை. அவருக்குக் கட்டுப்படியானது அரசுக் கடையின் குவார்ட்டர். நம் நாட்டில் விஸ்கி என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி, சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கழிவுப்பாகிலிருந்து எடுத்த சாராயத்தை அடிப்படையாகக் கொண்டது. ஸ்காட்லாந்தின் சட்டப்படி விஸ்கி தானியத்திலிருந்து வர வேண்டும், ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருஷம் கிடக்க வேண்டும். மால்ட் விஸ்கி என்றால் முளைகட்டிய பார்லி மட்டுமே. இதையெல்லாம் நோட்டின் இரண்டாம் பக்கத்தில் எழுதி அடிக்கோடிட்டிருக்கிறார். தெரிந்துகொண்டேதான் மற்றதைக் குடித்தார்.

1823இல் பிரிட்டிஷ் அரசாங்கம் சட்டத்தைத் தளர்த்தி, 10 பவுண்டு கட்டினால் உரிமம் என்று அறிவித்தது. அதுவரை ஒளிந்து வடித்தவர்கள் பலர் வெளிச்சத்துக்கு வந்தார்கள். ஆர்ச்சிபால்ட் மிட்செல் என்பவர் திருட்டுத்தனமாக வடித்துக்கொண்டிருந்த இடத்தில் 1828இல் ஸ்பிரிங்பேங்க் எழுந்தது. 1837இல் அது மிட்செல் குடும்பத்தின் கைக்கு வந்தது. அந்த நூற்றாண்டின் நல்ல காலத்தில் அந்தச் சின்ன ஊரில் முப்பதுக்கு மேற்பட்ட வடிசாலைகள் இருந்திருக்கின்றன. 1880களில் வடிசாலைகளைச் சுற்றிப் பார்த்து எழுதிய ஆல்ஃப்ரெட் பர்னார்ட் அங்கே 21 வடிசாலைகளைக் கண்டார். 1934க்குப் பிறகு மிஞ்சியவை இரண்டே: ஸ்பிரிங்பேங்க், கிளென் ஸ்கோஷியா.

இந்தச் சரிவுக்குப் பல காரணங்கள். 1920இல் வந்த அமெரிக்க மதுவிலக்கு. பக்கத்து நிலக்கரிச் சுரங்கம் மூடப்பட்டது. கலப்பு விஸ்கிக்காரர்களின் ருசி வடக்கே ஸ்பேசைடின் மென்மையான சரக்குக்குத் திரும்பியது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, கிராக்கி இருந்த நாட்களில் அவசர அவசரமாக மட்டமான சரக்கை வடித்து ஊரின் பெயரைக் கெடுத்துக்கொண்டது. மீன் பீப்பாயில் ஊற்றி வைத்தார்கள் என்றுகூட ஒரு வதந்தி. சிறியது என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடும் என்ற பிரமை சிறுபத்திரிகைக்காரர்களாகிய நமக்கு உண்டு. கேம்பல்டவுனில் மூடப்பட்டவற்றிலும் பல சிறியவைதாம்.

நோட்டில் அவர் அதிகம் மெனக்கெட்டிருப்பது செய்முறையில். பார்லியை இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். பிறகு கல்தளத்தில் பரப்புகிறார்கள். நம் வீட்டில் பயறு முளைகட்டுவதுதான். துணி மூட்டைக்குப் பதிலாக ஒரு முழுத் தளம். முளைக்கும் தானியம் சூடாகும். அப்படியே விட்டால் வேர்கள் பின்னிப் பாய்போலாகிவிடும். அதனால் இரவும் பகலும் ஆட்கள் மரத் துடுப்பாலும் பல்கலப்பையாலும் புரட்டிக்கொண்டேயிருக்க வேண்டும். தானியத்துக்குள் மாவு சர்க்கரையாக மாறத் தயாராகும் கட்டத்தில், முளை அந்த மாவைத் தானே தின்று தீர்ப்பதற்கு முன், சூளைக்கு ஏற்றி உலர்த்தி நிறுத்துகிறார்கள். இங்கேதான் ருசி பிரிகிறது. ஸ்பிரிங்பேங்க்குக்கு 6 மணி நேரம் பீட் புகை, பிறகு வெறும் வெப்பக்காற்று. பீட் என்பது சதுப்பு நிலத்தில் செடிகள் மக்கி உண்டான, வெட்டி உலர்த்தி எரிக்கும் மண். லாங்ரோ என்ற வகைக்கு 48 மணி நேரம் வரை அந்தப் புகை. ஹேஸல்பர்ன் என்ற மூன்றாவதற்குப் புகையே கிடையாது.

பிறகு அரைத்து, திறந்த வார்ப்பிரும்புத் தொட்டியில் வெந்நீர் விட்டுச் சாற்றை இறக்குகிறார்கள். மரத்தொட்டிகளில் ஈஸ்ட் சேர்த்து மூன்று நாள், சில சமயம் அதற்கும் மேல் புளிக்க விடுகிறார்கள். வடிப்பதற்கு மூன்று செப்பு வாலைகள். முதல் வாலையைத் தீயே நேரடியாகச் சூடாக்குகிறது. வழக்கமாக மால்ட் விஸ்கியை இரண்டு முறை வடிப்பார்கள். ஸ்பிரிங்பேங்க்கில் இரண்டரை முறை. 'அது என்னவே அரை?' என்று நோட்டின் ஓரத்தில் தன்னையே கேட்டுக்கொண்டு, கீழே விடையும் எழுதியிருக்கிறார். முதல் வடிப்பில் வந்ததில் ஒரு பங்கை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை மட்டும் இரண்டாம் வாலையில் வடிக்கிறார்கள். அப்படி வந்ததோடு ஒதுக்கியதைச் சேர்த்துக் கடைசி வாலையில் ஏற்றுகிறார்கள். ஆகவே ஒரு பகுதி இரண்டு முறையும் ஒரு பகுதி மூன்று முறையும் வடிபட்டுக் கலக்கின்றன. லாங்ரோ இரண்டு முறை, ஹேஸல்பர்ன் மூன்று முறை. ஒரே கூரையின் கீழ் மூன்று ருசிகள்.

பீப்பாயில் கிடக்கும்போது வருஷத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போகும். தேவதைகளின் பங்கு என்று அதற்குப் பெயர். வங்கியில் நகைக்கடன் பிரிவில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இது தேய்மானம். அவரிடம் அப்படித்தான் சொன்னேன். "தேய்மானம்னா பொருள் மட்டமாகும்வே. இது குறையக் குறைய நல்லாகுது. ஒம்ம பேரேட்டுல இதுக்குப் பத்தி கிடையாது," என்றார். அன்று மாலையும் என்னிடம் 200 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே கொடுத்த மாலைகளை எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அதற்கும் என் பேரேட்டில் பத்தி கிடையாது.

நோட்டில் ஒரு ஜப்பானியரும் வருகிறார். மஸதாகா தாகெத்ஸுரு. 1918இல் ரசாயனம் படிக்க ஸ்காட்லாந்துக்குப் போனவர். கிளாஸ்கோவில் ரீட்டா கோவன் என்ற பெண்ணை 1920இல் மணந்துகொண்டு, அதே வருஷம் கேம்பல்டவுனின் ஹேஸல்பர்ன் வடிசாலையில் தொழில் பழகினார். பார்த்ததையெல்லாம் நோட்டில் வரைந்தும் எழுதியும் ஜப்பானுக்கு எடுத்துப் போனார். அதை வைத்துக்கொண்டு யமஸாக்கியில் வடிசாலை அமைக்க உதவினார். 1934இல் யோய்ச்சியில் சொந்தமாகவே தொடங்கினார். யோய்ச்சியில் இன்றும் வாலைக்கு அடியில் நிலக்கரி எரிகிறது. ஆனால் அவர் பழகிய ஹேஸல்பர்ன் 1925லேயே மூடப்பட்டுவிட்டது. இடம் போயிற்று, நோட்டு பிழைத்தது. இந்தப் பக்கத்தை நண்பர் மிகவும் அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறார்.

கடைசிப் பக்கத்தில் கட்டுரைக்கான முடிவு வாக்கியம். 1828இல் தொடங்கியது ஒருநாளும் அறுபடாமல் இன்றுவரை கையாலேயே நடக்கிறது, அறுந்துபோன எதற்கும் மறுவாழ்வு கிடையாது என்பது சாராம்சம். இது ஸ்பிரிங்பேங்க்கைப் பற்றியதல்ல என்று எனக்கு உடனே தெரிந்தது. 9 வருஷமாக அவர் ஒரு கவிதையும் எழுதவில்லை. இதற்கு என் விமர்சனம் ஒன்றும் காரணம் என்று சிலர் சொன்னார்கள். அவர் சொன்னதில்லை. "விட்டுப்போச்சுவே, விட்டது விட்டதுதான்" என்பார். பத்திரிகை இரண்டு வருஷம் நின்று மறுபடி வந்தபோதும் அவருக்கு உற்சாகமில்லை. அது வேறு பத்திரிகை என்றார்.

எழுதுவதற்காகத் தேதிகளைச் சரிபார்த்தபோதுதான் அவர் தவறவிட்டது கண்ணில் பட்டது. ஸ்பிரிங்பேங்க் அறுபடாமல் வந்ததல்ல. 1960இல் அந்த முளைகட்டும் தளத்தையே கைவிட்டுவிட்டார்கள். மால்ட்டை வெளியிலிருந்து வாங்கினார்கள். 1979இல் வடிப்பதும் நின்றது. 1980களின் கடைசியில்தான் வாலைகள் மறுபடி முறையாகச் சூடேறின. 1992இல், மற்ற வடிசாலைகள் பெரும்பாலும் இயந்திர மால்ட்டை வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், இவர்கள் துடுப்பை எடுத்துக்கொண்டு தளத்துக்குத் திரும்பினார்கள். 1997இல் ஹேஸல்பர்ன் என்ற மூடிப்போன பெயரையும் எடுத்து ஒரு புதிய விஸ்கிக்கு வைத்தார்கள். பாட்டன் காலத்து வழக்கம் என்று நாம் எதை வியக்கிறோமோ, அது முப்பத்திரண்டு வருஷம் இல்லாமலிருந்தது. யாரோ உட்கார்ந்து யோசித்து, செலவு கணக்குப் பார்த்து, மறுபடி செய்வது என்று முடிவெடுத்ததால் இருக்கிறது. மரபு என்று நம் கட்டுரைகளில் நாம் புழங்கும் வார்த்தைக்கு இவ்வளவுதான் அர்த்தம் என்று எனக்கு இப்போது படுகிறது.

இது முன்பே தெரிந்து நான் சொல்லியிருந்தால் அவர் எழுதியிருப்பார் என்று சொல்ல மாட்டேன். ஈரல் அப்போதே போய்விட்டிருந்தது. "தேதியைக் காட்டி என்னை மடக்குதீரோ?" என்று கேட்டிருப்பார். ஆனாலும் சொல்லியிருக்க வேண்டும். அவர் கட்டுரை என்றதும் சிரிக்காமல், என்ன எழுதுகிறீர் என்று நோட்டை ஒருமுறை வாங்கிப் பார்த்திருக்க வேண்டும். 200 ரூபாய் கொடுப்பதைவிட அது சுலபம்.

நோட்டின் பின்பாதியில் காலிப் பக்கங்கள் இருக்கின்றன. அவர் கையெழுத்துக்குக் கீழே 1960, 1979, 1992 என்று எழுதப்போய், திருத்துவதுபோல் இருந்ததால் பேனாவை மூடிவிட்டேன். இங்கே எழுதியிருக்கிறேன். நோட்டை அடுத்த வாரம் அவர் மகளிடம் கொடுக்கப்போகிறேன்.