மூடியின் உள்ளே

இயந்திரத்தின் வேகத்தைக் கண்டு வியப்பவர் பலர். அவ்வேகத்தை வேண்டும்போது சேர்த்தும், வேண்டாதபோது விலக்கியும், மறைவில் இருந்து உழைக்கும் சிறு உறுப்புகளை நினைப்பவர் மிகச் சிலர். முப்பத்தைந்து ஆண்டுகள் இலக்கணம் கற்பித்த எனக்கு, அத்தகைய உறுப்பு ஒன்றை அறியும் வாய்ப்பு ஓய்வு பெற்ற பின்னரே கிட்டியது.

மோட்டார் சைக்கிள்களுள் புல்லட்டுக்குத் தனிப்பெருமை உண்டு. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்த அவ்வண்டியை நம் நாட்டிலேயே செய்வதற்காக 1955 ஆம் ஆண்டில் சென்னையில் ஒரு நிறுவனம் தோன்றியது. தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புகளை இங்கே பூட்டினர். பின்னர்ப் படிப்படியாக அவ்வுறுப்புகளையும் இங்கேயே செய்தனர். அவ்வாறு செய்யப்பெற்ற பழைய வண்டி ஒன்றை என் தந்தையார் எனக்கு விட்டுச் சென்றார். இக்காலத்து வண்டிகளைப் போலன்றி, அதில் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் அமைந்திருக்கும்.

அரை நூற்றாண்டு ஓடிய அவ்வண்டியில் ஒரு நாள் புதிய ஓசை ஒன்று கேட்டது. கிளட்ச்சைப் பிடித்தால் கரகரவென்று இரையும், விட்டால் அடங்கும். சில நாட்களில், முதல் கியருக்கு மாற்றும்போதெல்லாம் பற்கள் நறநறத்தன. பின்பு ஒரு நாள், பிள்ளைகள் சாலையைக் கடப்பதற்காகப் பள்ளிக்கூட வாயிலில் வண்டியை நிறுத்தினேன். கிளட்ச்சை முழுதும் பிடித்திருந்தும் வண்டி முன்னோக்கி ஊர்ந்தது. பிரேக்கை அழுத்தியதால் தீங்கு நேரவில்லை. ஆயினும் நெஞ்சு நடுங்கிற்று. அன்று மாலையே பட்டறைக்குச் சென்றேன்.

எங்கள் ஊரில் புல்லட்டுக்கென்றே பட்டறை வைத்திருப்பவரை எல்லாரும் 'பாய்' என்றே அழைப்பர். எழுபதை நெருங்கும் அகவையினர். அவர் கருவி எதையும் எடுக்கவில்லை. கிளட்ச்சைப் பிடித்தும் விட்டும் இருமுறை உற்றுக் கேட்டார். "ஐயா, கேபிளில் குறை இல்லை. உள்ளே பேரிங் தேய்ந்துவிட்டது" என்றார்.

கிளட்ச்சு செய்யும் வேலை யாது? எஞ்சினின் சுழற்சியை ஒரு சங்கிலி, பின்னால் உள்ள கூடை போன்ற உறுப்புக்குக் கொண்டு செல்கிறது. அக்கூடைக்குள் இருவகைத் தட்டுகள் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. ஒருவகை கூடையோடு சுழலும். மற்றொரு வகை கியர்ப் பெட்டிக்குச் செல்லும் தண்டோடு சுழலும். சுருள்வில்கள் அவற்றை நெருக்கிப் பிடித்திருக்கும்வரை எல்லாம் ஒன்றாய்ச் சுழல, வண்டி ஓடும். கிளட்ச்சைப் பிடித்தால் நெருக்கம் தளரும். கூடை எஞ்சினோடு சுழன்றுகொண்டே இருக்க, நடுப்பகுதி நின்றுவிடும்.

சுழலும் கூடைக்கும் நிற்கும் நடுப்பகுதிக்கும் இடையே இருப்பதுதான் பேரிங். உள்வளையம் ஒன்று, வெளிவளையம் ஒன்று, இடையே உருளும் எஃகுக் குண்டுகள் சில. அக்குண்டுகளைப் 'பால்ரஸ்' என்று சிறுவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். வண்டி ஓடும்போது இரு வளையங்களும் சேர்ந்தே சுழலுமாதலால் குண்டுகள் உருள்வதில்லை. கிளட்ச்சைப் பிடித்திருக்கும் நேரத்தில்தான் அவை உழைக்கின்றன. இதைப் பாய் விளக்கியபோது எனக்கு உடம்படுமெய் நினைவுக்கு வந்தது. 'மணி' என்னும் சொல்லை அடுத்து 'அழகு' என்னும் சொல் வந்தால், இடையே யகர மெய் தோன்றி 'மணியழகு' ஆகிறது. அந்த யகரம் நிலைமொழிக்கும் உரியதன்று, வருமொழிக்கும் உரியதன்று. ஆயினும் இரண்டு உயிர்கள் முட்டிக்கொள்ளாமல் காப்பது அதுவே. பேரிங்கும் அத்தகையதே. அது தேய்ந்தால் சங்கிலியின் இழுப்புக்குக் கூடை சாயும்; தட்டுகள் செம்மையாகப் பிரியமாட்டா.

மறுநாள் வேலை தொடங்கிற்று. இடப்பக்கத்து மூடியைப் பிடித்திருப்பது ஒரே ஒரு நட்டு. அதைக் கழற்றியதும் உள்ளிருந்த எண்ணெய் வழிந்தது. பட்டறையில் தொழில் பழகும் இளைஞன் சுருள்வில்களையும் தட்டுகளையும் எடுத்து, எடுத்த வரிசையிலேயே துணியின்மேல் அடுக்கினான். பாய் கூடையைப் பற்றி அசைத்தார். அது ஓயப்போகும் பம்பரம் போலத் தள்ளாடிற்று. பேரிங்கை வெளியே எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி வெயிலில் காட்டினார். குண்டுகள் ஒளி மங்கியிருந்தன. அவை உருளும் தடத்தில் அம்மைத் தழும்பு போன்ற சிறு குழிகள் தெரிந்தன.

புதிய பேரிங் திருச்சியிலிருந்து வர ஒரு நாள் ஆகும். எனக்கோ மறுநாள் காலையில் பக்கத்து ஊரில் சொற்பொழிவு இருந்தது. அதை அறிந்த இளைஞன், வேறொரு வண்டியிலிருந்து எடுத்து வைத்திருந்த பேரிங்கைக் கொணர்ந்தான். அது பளபளவென்றே இருந்தது. பாய் அதைக் கழுவி உலர்த்தி, விரலில் கோத்துச் செவியருகே மெல்லச் சுழற்றினார். பின்பு என்னிடம் தந்தார். விரல் நுனியில் மணல் நெருடுவது போன்ற உணர்ச்சி தோன்றிற்று, அவ்வளவே.

"இது எத்தனை நாள் ஓடும்?" என்று கேட்டேன்.

"ஒரு மாதமும் ஓடலாம், ஓராண்டும் ஓடலாம், ஐயா. மூடியைப் போட்டபின் உள்ளே இருப்பது உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அந்தப் பள்ளிக்கூட வாயிலில் நீங்கள் மறுபடியும் நிற்பீர்கள் அல்லவா?" என்றார். பிறகு இளைஞனை நோக்கி, "தம்பி, இதைப் பழைய இரும்பில் போடு" என்றார். அன்று மாலையே கைக்கு வந்திருக்க வேண்டிய கூலியை அவர் பொருட்படுத்தவில்லை. நான் பேருந்தில் சென்று பேசிவந்தேன்.

புதிய பேரிங்கைப் பொருத்துவதிலும் ஒரு நுட்பம் உண்டு. கூடைக்குள் செலுத்தும்போது வெளிவளையத்தை அழுத்த வேண்டும். தண்டின்மேல் ஏற்றும்போது உள்வளையத்தை அழுத்த வேண்டும். மாறினால் விசை குண்டுகளின் வழியே சென்று, ஓடுவதற்கு முன்பே தடத்தைக் கெடுத்துவிடும். பாய் இதைச் சொல்லிக்கொடுத்து, அந்த இளைஞனைக் கொண்டே பொருத்தச் செய்தார். என்னிடமும் ஓர் அறிவுரை கூறினார்: "நெடுநேரம் நிற்க நேர்ந்தால் கிளட்ச்சைப் பிடித்தபடியே இராதீர்கள். நியூட்ரலுக்குக் கொண்டுவந்து விட்டுவிடுங்கள். பேரிங்குக்கு ஓய்வு கிடைக்கும்."

மாணவர்களே! நீங்கள் நாளை எத்தொழிலை மேற்கொண்டாலும், மூடி மறைக்கும் இடம் ஒன்று அதில் இருக்கும். கட்டடத்தில் அது மண்ணுக்குள் புதையும் கடைக்கால். சட்டையில் அது உட்புறத் தையல். அவ்விடத்தில் வைத்தது நல்லதா, பழுதா என்பதை முதலில் அறிபவர் செய்தவர் ஒருவரே. ஆனால் அதனை நம்பி நடப்பவர் பலர். அவர்களுள் சாலையைக் கடக்கும் சிறு பிள்ளையும் உண்டு. பிறர் காணும் இடத்தைத் துலக்கி வைப்பது எளிது. காணாத இடத்தையும் அவ்வாறே செம்மை செய்வதுதான் தொழிலறம்.