மாநிறத்தில் கொஞ்சம் மணல்!

"மாமா, உடனே கிளம்பி வாங்க. வெள்ளையா, கறுப்பான்னு இன்னிக்கே முடிவு பண்ணணும்!" என்று போனில் மைத்துனன்.

பெண் பார்க்கும் விஷயமாக்கும் என்று இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, மெட்ரோ ஏறி திருவொற்றியூர் தேரடியில் இறங்கினேன். போனால்... ஹாலில் நாலடி நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி! துரை உப்புத் தண்ணீர் மீன் வளர்க்கப் போகிறாராம். பவளப்பாறை செட்டிங். பாறை செயற்கைதான். நிஜப் பவளத்தைக் கடலிலிருந்து பெயர்த்தால் வனவிலங்குச் சட்டப்படி கம்பி எண்ண வேண்டும். பிரச்னை, அடியில் போடுகிற மணலின் நிறம்.

கொளத்தூர் மீன் கடைகளில் இரண்டு நாள் சுற்றியதில் பையன் பாதி டாக்டராகியிருந்தான்.

"வெள்ளை மணல் பவளமும் சிப்பியும் பொடியானது மாமா. சுண்ணாம்புச் சத்து. தண்ணியோட பி.ஹெச். ரொம்ப இறங்காம கொஞ்சம் முட்டுக் கொடுக்கும். தொட்டி பளிச்சுனு இருக்கும்."

"அப்புறம் என்ன?"

"முதல் சில வாரம் பழுப்புப் பாசி படருமே!"

வெள்ளை வேட்டியில் சாம்பார் கொட்டின கதைதான். கறுப்பு போட்டால் அழுக்கு தெரியாது; ஆரஞ்சு மீன் எடுப்பாகத் தெரியும். ஆனால் சில கறுப்பு மணலில் இரும்புத் துகள் உண்டு. கண்ணாடி துடைக்கிற காந்தத்தில் அது ஒட்டிக்கொண்டால் கண்ணாடி முழுக்கக் கோடு!

"இன்னொண்ணு தெரியுமா? பவளத்தீவு வெள்ளை மணல்ல நிறைய, கிளிமீன் பாறையைக் கடிச்சுத் தின்னுட்டுப் பின்பக்கமா விட்டது. பெரிய மீனா இருந்தா வருஷத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ!"

பாக்கெட் விலையைப் பார்த்தேன். மீனுக்கு ராயல்டி போகிறதா என்று தெரியவில்லை. எனக்குள் தூங்கிய பி.காம். விழித்துக்கொண்டது.

"நாலு தெரு தள்ளி சமுத்திரம். மணலுக்குக் காசா? எடுடா பக்கெட்டை!"

பட்டினத்தார் சமாதியைத் தாண்டிக் கரைக்குப் போனோம். மணலைக் காணோம்! வரிசையாகக் கருங்கல். அதன்மேல் உட்கார்ந்து வலையைச் சரிசெய்துகொண்டிருந்த பெரியவர், எங்கள் பக்கெட்டைப் பார்த்தார்.

"இன்னா சார், திரும்பவும் எண்ணெய் கொட்டிக்கிச்சா?"

சுருக்கென்றது. 2017 ஜனவரியில் எண்ணூர் பக்கம் இரண்டு கப்பல் மோதி, கரையெல்லாம் கரி எண்ணெய். ஜனங்கள் பக்கெட்டில்தான் அள்ளினார்கள். பக்கெட் என்றால் இங்கே அந்த ஞாபகம்தான்.

"இல்லீங்க... கொஞ்சம் மணல்..."

"மணலா? அது மெரினால கீது சார்!"

கிண்டல் இல்லை, கணக்கு. நம் கரையோரம் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 1870-களில் துறைமுகச் சுவர் எழும்ப ஆரம்பித்ததும் அது நடுவில் தடைபட்டது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் முதல் இந்தப் பக்கம் வரை, கடல் எடுத்துப்போகிற மணலுக்குப் பதில் மணல் வரவில்லை. வரவு அங்கே, செலவு இங்கே. இந்த பாலன்ஸ் ஷீட்டை எந்த ஆடிட்டர் பாஸ் செய்வார்? கல் கொட்டித்தான் கரையைக் காப்பாற்றுகிறார்கள்.

"நான் பொடியனா இருக்கசொல்ல, தண்ணிகிட்ட போறதுக்குள்ள காலு சுட்டுடும் சார். எங்க வூடு அதோ..." என்று கை நீட்டினார். அலைதான் தெரிந்தது.

பட்டினத்தார் இந்தக் கடற்கரையில் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டே மறைந்தார் என்பது கதை. இன்றைக்குப் பிள்ளைகள் விளையாட வந்தால் முட்டி பெயரும்.

கடற்கரை மணலை அள்ளக் கூடாது என்று சட்டமும் இருக்கிறது. எங்களிடமோ அள்ள மணலே இல்லை! கிளம்பும்போது மைத்துனன் கேட்டான்: "அந்த மணல் என்ன கலர் தாத்தா?"

பெரியவர் யோசித்தார். "வெள்ளையும் இல்ல, கறுப்பும் இல்ல. மாநிறம்."

நேரே கொளத்தூர். பவள மணலிலேயே இளம்பழுப்பு இருந்தது. விலை கேட்காமல் வாங்கினேன். (வீட்டில் சொல்லிவிடாதீர்கள்!) தொட்டியில் இரண்டு அங்குலத்துக்குப் பரப்பினோம்.

அந்தத் தெருவுக்கு இப்போது நாலடிக்காவது கடற்கரை இருக்கிறது.